15 நிமிடத்துக்கு முந்தைய விலை

காலை 10 மணிக்கு புர்சா மலேசியா இணையத்தளத்தில் ஒரு பங்கின் விலையைப் பார்க்கிறீர்கள்: 2 ரிங்கிட் 50 சென். அது இப்போதைய விலை அல்ல, 9.45 மணி விலை. அங்கே இலவசமாகக் காட்டப்படும் விலைகள் 15 நிமிடம் பின்தங்கியே வருகின்றன.

ஏன் இந்தத் தாமதம்? பங்குச் சந்தைக்கு விலை விவரமும் ஒரு விற்பனைப் பொருள்தான். உடனுக்குடன் வரும் விலையைத் தரகு நிறுவனங்களும் தகவல் நிறுவனங்களும் கட்டணம் செலுத்திப் பெறுகின்றன. அவற்றின் வழியாகவே அது நம் கைப்பேசிக்கு வருகிறது.

அந்த 15 நிமிடத்தில் விலை 2 ரிங்கிட் 58 சென்னுக்கு ஏறியிருந்தால்? சந்தை விலைக்கே 1,000 பங்குகள் வாங்கச் சொன்னால் 80 ரிங்கிட் கூடுதலாகப் போய்விடும். ஆகவே, உங்கள் தரகு நிறுவனச் செயலி காட்டுவது நேரடி விலையா, தாமத விலையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது, இதற்கு மேல் தரமாட்டேன் என்று உச்ச விலையையும் குறிப்பிடுங்கள்.

பத்தாண்டு வைத்திருக்கப் பங்கு வாங்குவோர் நிமிடத்துக்கு நிமிடம் விலை பார்க்கத் தேவையில்லை. அவர்கள் படிக்க வேண்டியது நிறுவனத்தின் ஆண்டறிக்கை. அது அதே தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.