பூதத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே கோடு

முதல் படம் திரைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்த படத்துக்கு நாள் குறித்துவிட்டது யுனிவர்சல் நிறுவனம். நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுக்கப்பட்ட ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்’ வெளியானது 2025 ஜூன் 13-ல். அதன் இரண்டாம் பாகம் 2027 ஜூன் 11-ல் வரும் என்று ஏப்ரலிலேயே அறிவித்தார்கள். டிஸ்னியும் சளைக்கவில்லை. மே மாதம் வந்த ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ மறு ஆக்கம் 100 கோடி டாலர் வசூலைத் தொடுவதற்குள்ளாகவே, ஜூன் 26-ல் தொடர்ச்சியை உறுதிசெய்துவிட்டது. இரண்டும் ஊரே அஞ்சுகிற ஒரு பூதத்தை ஒரு பிள்ளை மட்டும் புரிந்துகொள்கிற கதைகள். அனிமேஷனில் இரண்டையும் முதலில் உருவாக்கியவர்கள் கிறிஸ் சாண்டர்ஸ், டீன் டெப்ளாய் என்ற அதே இணை. டிராகன் மறு ஆக்கத்தை டெப்ளாயே இயக்கினார் என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

‘லைவ் ஆக்ஷன்’ என்ற பெயரே பொருந்தவில்லை. 2025 படத்திலும் டூத்லெஸ் என்ற டிராகன் கணினியில் பிறந்ததுதான். ஸ்டிட்ச்சும் அப்படியே. பூதம் அன்றும் அனிமேஷன், இன்றும் அனிமேஷன். மாறியவர்கள் மனிதர்கள் மட்டும்தான். பழைய படத்தில் பிள்ளையும் பூதமும் ஒரே கையில் பிறந்தவர்கள். ஒரே கோடு, ஒரே வண்ணம், ஒரே ஒளி. புதிய படத்தில் பிள்ளைக்குச் சதை இருக்கிறது. பூதம் பின்னால் கொண்டுவந்து ஒட்டப்பட்டது. “நீயும் நானும் ஒன்றே” என்று சொல்ல வந்த கதையை, இருவரையும் வெவ்வேறு பொருளால் செய்து சொல்கிறார்கள்.

2010-ல் வந்த டிராகன் அனிமேஷன் படத்தின் உச்சம் ஒரு வசனமும் இல்லாத காட்சி. சிறுவன் ஹிக்கப் ஒரு குச்சியால் மண்ணில் டிராகனின் முகத்தை வரைகிறான். எட்டிப் பார்த்த டிராகன் ஒரு மரத்தையே பிடுங்கி வந்து அவனைச் சுற்றிக் கோடு இழுக்கிறது. அவன் தெரியாமல் கோட்டை மிதித்தால் உறுமுகிறது; காலை எடுத்தால் அமைதியாகிறது. கோடுகளை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தவன் கடைசியில் அதன் மூச்சுக்காற்று படும் தூரத்தில் வந்து நிற்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான். டிராகன் தானாக மூக்கை வைக்கிறது. நட்பு பிறந்த இடம் ஓர் ஓவியம். அதை வரைந்தவர்கள் இருவரும். புதிய படமும் இந்தக் காட்சியை ஏறக்குறைய அப்படியே எடுத்திருக்கிறது. ஆனால் இப்போது மண்ணில் நிற்பவன் ஒரு நடிகன். எதிரே நிற்பது பிறகு நிரப்பப்பட்ட உருவம்.

2002-ன் ‘லிலோ’ இன்னும் அருமையான சான்று. பின்னணி முழுவதும் நீர்வண்ணம். 1940-களுக்குப் பிறகு டிஸ்னி கைவிட்டிருந்த முறை அது. சிறுமி லிலோவின் தடித்த கணுக்கால், அவள் அக்கா நானியின் உருண்ட தோள், ஸ்டிட்ச்சின் குண்டு உடல் எல்லாமே சாண்டர்ஸின் அதே உருண்ட கோட்டில் வந்தவை. 8 கோடி டாலரில் ஃபுளோரிடாவிலிருந்த கிளை ஸ்டுடியோ இதைக் கையால் வரைந்து முடித்தது. உலகமெங்கும் 27 கோடிக்கு மேல் வசூலானது. அப்படியிருந்தும் 2004-ல் அந்த ஸ்டுடியோவை மூடினார்கள். வரைந்த கைகளை அனுப்பிவிட்டு, வரைந்த பூதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வரைந்த படத்தின் மீதான இந்த இளக்காரம் எங்கிருந்து வருகிறது? நான் சளைக்காமல் சொல்லிவரும் ஒரு கணக்கு உண்டு. 1929 முதல் 2025 வரை 97 ஆஸ்கர் விழாக்கள். சிறந்த படத்துக்கான போட்டியில் நுழைந்த அனிமேஷன் படங்கள் மூன்றே மூன்று: ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’, ‘அப்’, ‘டாய் ஸ்டோரி 3’. பின்னிரண்டும் போட்டியிடும் படங்களின் எண்ணிக்கையைப் பத்தாக்கிய பிறகே நுழைய முடிந்தது. ஐந்தே இடம் இருந்த காலத்தில் நுழைந்தது ஒன்றுதான், அதுவும் ஒரு சாதுவான பூதத்தின் கதை. 2002 விழாவில் அனிமேஷனுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். முதல் வருடம் அந்தப் பந்தியில் உட்கார்ந்த மூன்றில் இரண்டு, ‘ஷ்ரெக்’கும் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’கும். பூதங்களைப் புரிந்துகொள்ளச் சொன்ன படங்களையே ஒதுக்கி உட்கார வைத்த விழா அது. வரைந்த படம் ஒத்திகை, சதையோடு எடுப்பதே அரங்கேற்றம் என்ற எண்ணத்தின் வேர் இந்தத் தனிப் பந்தியில்தான் இருக்கிறது.

அந்த ‘பீஸ்ட்’டை வரைந்த கிளென் கீன் சிங்கத்தின் பிடரியையும் காட்டெருமையின் தலையையும் பன்றியின் கோரைப் பல்லையும் ஓநாயின் காலையும் சேர்த்தார். கண்களை மட்டும் மனிதக் கண்களாக விட்டார். படத்தின் பொருள் முழுவதும் அந்தக் கண்களில் இருந்தது. 2017 மறு ஆக்கம் 120 கோடி டாலருக்கு மேல் வாரியது. அதன் பூத முகத்தை இன்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சதை வந்தால் அதன் பின்னாலேயே ‘நடைமுறை’ வந்துவிடும். குடும்பம் என்றால் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதே லிலோ கதையின் உயிர். புதிய படத்தில் அக்கா நானி, தங்கையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, கடல் உயிரியல் படிக்கக் கலிஃபோர்னியாவுக்குப் போகிறாள். நிலத்தையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த வரலாறு கொண்ட ஹவாய்க் கதையில் இப்படி ஒரு முடிவா என்று எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. பழைய படத்தில் நான்கு கண் விஞ்ஞானி ஜும்பாவும் கடைசியில் அந்த வீட்டில் ஒருவராகிறார். புதிய படத்தில் மனித வேடத்திலேயே பெரும்பாலும் திரிந்துவிட்டு வில்லனாகவே விரட்டப்படுகிறார். ஒரு பூதத்துக்கு மேல் மன்னிக்க இந்தப் படத்துக்கு மனம் இல்லை.

நானிக்கும் கனவு இருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். இருக்கட்டும், அதற்கு லிலோவின் வீட்டையா கலைக்க வேண்டும்? பிள்ளைகள் ரசிக்கிறார்களே என்பது இன்னொரு வாதம். கொடுத்ததைப் பிள்ளைகள் ரசிப்பார்கள். கொடுக்காததை அவர்களால் கேட்க முடியாது. ‘ஈ.டி.’யும் நிஜப் படம்தானே என்பார்கள். 1982-ல் வந்த அந்தப் படத்தின் பூதப் பொம்மை, படப்பிடிப்பில் குழந்தைகளின் எதிரே உண்மையில் இருந்தது. பேச்சு அங்கேயே முடிந்தது.

பிள்ளைகளுக்கு முதல் பயம் பூச்சாண்டி. அந்தப் பயத்தைத் தீர்க்க நம்மிடம் இருந்த நல்ல மருந்து, தங்களைப் போலவே வரையப்பட்ட ஒரு பூதம். அதைப் பார்த்த பிள்ளை மறுநாள் காகிதத்தில் பூதத்தையும் தன்னையும் ஒரே கிரேயானால் வரைந்து, இருவருக்கும் ஒரே சிரிப்பைப் போட்டது. புதிய படத்தைப் பார்க்கும் பிள்ளை கற்பது வேறு: மனிதர் அசல், மற்றதெல்லாம் ஒட்டு. இதைக் கற்று வளரும் தலைமுறை, நாளை தன் தெருவுக்குக் குடிவரும் அந்நியரையும் ஒட்டாகத்தான் பார்க்கும். 2027-ன் தேதியை யுனிவர்சல் திரும்பப் பெற வேண்டும். டிஸ்னி ‘லிலோ’ தொடர்ச்சிக்கான பணத்தில், மூடிய ஸ்டுடியோவைத் திறந்து, நீர்வண்ணத் தூரிகையை மறுபடி கையில் எடுக்க வேண்டும்.