நாற்பத்தோராம் நாள்

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசப்பெறும் ஆண்களுள் பலர் அன்றே மதுவையும் விட்டுவிடுகின்றனர். தாமிரபரணிக் கரையூர்களில் எத்தனையோ வீடுகள் அந்நாட்களில்தான் நிம்மதியாக உறங்குகின்றன. உயிர்ப்புப் பெருவிழா மாலையிலேயே அந்த நிம்மதி கலைகிறது. ஆண்டுதோறும் நடப்பது, எல்லாரும் அறிந்தது. ஆயினும், “நாற்பது நாளாவது குடிக்காமல் இருந்தாரே” என்று மெச்சுவோர் நம்மிடையே குறையவில்லை. அந்த மெச்சுதலைத்தான் நாம் மறுக்கிறோம். முடியும் நாள் தெரிந்த ஒறுத்தல் காத்திருக்கக் கற்றுத்தருகிறது, விட்டுவிடக் கற்றுத்தருவதில்லை.

தியானக் கூட்டங்களில் பலர் நடுவே கையுயர்த்தி எடுக்கும் உறுதிமொழிகளும் இவ்வாறே. அயர்லாந்தின் கார்க் நகரில் 1838-ஆம் ஆண்டு கப்புச்சின் துறவி தியோபால்டு மத்தேயு தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி ஏற்றனர். அவர்களை மறுநாள் தாங்கிப்பிடிக்க நிலையான அமைப்பு வலுப்பெறவில்லை, பஞ்சமும் வந்தது, அலை வடிந்தது. 1898-இல் டப்ளினில் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன் நான்கே பெண்களைக் கொண்டு வேறொரு சங்கம் கண்டார். உடையில் ஒரு சின்னம், காலையும் இரவும் ஒரே செபம். அது இன்றும் இருக்கிறது.

இதனை இஞ்ஞாசியார் முன்பே அறிந்திருந்தார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அவர் காட்டும் வழி எளியது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைவிற்கொள்ள வேண்டும். தவறும்போதெல்லாம் நெஞ்சில் கைவைக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும், எத்தனை முறை தவறினோம் என்று கோட்டின்மேல் புள்ளியிட வேண்டும். இன்றைய நாளை நேற்றோடும் இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். கடைக்காரரின் கணக்கேடு போன்ற இம்முறையில் உணர்ச்சிப் பெருக்கிற்கு இடமில்லை. அதனால்தானோ என்னவோ, மறையுரைகளில் அதற்கும் இடமில்லை!

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே அவர்களது கூலி. இலை நறுக்கி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஒவ்வொன்றாகவே அந்த ஆயிரத்தை எட்டுகிறார்கள். அப்படிச் சேர்த்த காசு உயிர்ப்பு ஞாயிறு மாலையில் எங்கே போகிறது என்பதையும் அவர்களே அறிவர்.

கடையைத் திறந்துவைத்துவிட்டுக் குடிப்பவனைக் குறைகூறுவதா என்று கேட்பர். 2003 முதல் அரசே சில்லறை விற்பனையை நடத்துகிறது. அதை எதிர்ப்பது நம் கடமைதான். ஆனால் கடை மூடும்வரை அந்த வீடு காத்திருக்க வேண்டுமா? இறையருள் ஒன்றே போதும் என்பாரும் உளர். அன்றாட உணவைக் கேட்கத்தானே ஆண்டவர் கற்பித்தார், ஆண்டு முழுவதற்கும் உரியதை அன்றே!

திருவழிபாட்டு நாட்காட்டியில் தவக்காலத்தைவிட உயிர்ப்புக் காலமே நீண்டது, ஐம்பது நாட்கள். அதன் முதல் திங்களன்று மாலை பங்கு மன்றம் திறந்திருக்கட்டும். குடியை விட்டவர் நால்வர் அமர்ந்து அன்றைய நாளைப்பற்றி மட்டும் பேசட்டும். 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் காட்டிய வழி இதுதான். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம்; அவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். திங்களன்று தவறியவர் செவ்வாயன்றும் வரலாம். சப்பரம் தூக்கவும் வாணவேடிக்கைக்கும் ஆள் கிடைக்கும் பங்கில், சாவி கொண்டுவந்து மன்றத்தைத் திறக்க ஒருவர் கிடைக்கமாட்டாரா?