பதாகை கட்டினால் முயற்சியாளர் பிறந்துவிடுவாரா?



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள். ஏசுவதானால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

"முயற்சியாண்மை", "புத்தாக்கம்" என்ற இரண்டு சொற்களும் இப்போது ஒலிக்காத மேடை இல்லை. செயலமர்வு நடக்கிறது. பதாகை கட்டுகிறார்கள். அதிதிக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்குச் சான்றிதழ், கடைசியில் குழுப்படம். ஆறு மாதம் கழித்து, அந்தப் போட்டியில் முதலிடம் பெற்ற பிள்ளை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பட்டதாரி நியமனத்துக்கான கோப்போடு கச்சேரி வாசலில் நிற்கும்.

பாலமுனையில் பாடம் நடத்தும் ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். மாணவர் முயற்சியாண்மைத் திட்டம் கம்பஸ் மதிலுக்குள் தொடங்கினால் மதிலுக்குள்ளேயே முடிந்துவிடும். அது ஊரின் பிரச்சினையில் தொடங்க வேண்டும். ஊர் அதன் முதல் வாடிக்கையாளராகவும் முதல் பங்காளியாகவும் இருக்க வேண்டும்.

ஒலுவிலில் நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் சும்மா கிடைத்ததல்ல. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாக உதித்து, 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் கனவு அது. இன்று அங்கே முகாமைத்துவம் இருக்கிறது, பொறியியல் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது. பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில் இருக்கிறது. 2017இல் தொடங்கிய, உலக வங்கியின் 10 கோடி டொலர் 'அஹெட்' திட்டம், நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் யூ.பி.எல். செல் எனப்படும் பிரிவுகளுக்கும் கைகொடுத்தது. பல்கலைக்கழகத்தையும் வணிகத்தையும் இணைப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை.

ஆக, ஆளும் இருக்கிறது, அலகும் இருக்கிறது. பிறகு என்ன குறை?

கேள்விதான் குறை. எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு தேடுகிறோம் என்ற கேள்வி.

ஒரு உதாரணம் சொல்கிறோம். இயந்திரத்தில் வெட்டிய நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நம் விவசாயியின் இலாபம் போய்த் தொலைகிறது. காயவைக்க இடமில்லாமல் வீதியோரத்தில் படங்கு விரிக்கிறார். மழை இருட்டிக்கொண்டு வந்தால், வட்டைக்கே லொறி கொண்டுவரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். அதே நேரம் அரிசி ஆலைகளின் பின்புறம் உமி மலைபோல் குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஒரு பக்கம் ஈர நெல், மறுபக்கம் எரிக்க வழியில்லாத உமி. இரண்டையும் இணைத்தால் ஒரு தொழில் பிறக்கும் என்பதைச் சொல்ல எந்த நிபுணரும் கொழும்பிலிருந்து வரத் தேவையில்லை.

இது வெறும் கற்பனையல்ல. நம்மைப் போலவே நெல்லை நம்பி வாழும் வியட்நாமின் மீகொங் ஆற்றுப் படுகையில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஹோ சி மின் நகரின் நொங் லாம் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் 1980களிலிருந்து உமியை எரித்து நெல் உலர்த்தும் எளிய உலர்த்திகளைச் செய்து விவசாயிகளிடம் கொண்டுபோனார்கள். ஊர்ப் பட்டறைக்காரர்கள் அவற்றைச் செய்து விற்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கிய இடம் வயல். நாம் தொடங்கும் இடம் கேட்போர்கூடம்.

பங்களாதேஷின் சிட்டகொங் பல்கலைக்கழகமும் ஒலுவில் மாதிரித்தான். பக்கத்திலேயே ஜோப்ரா என்ற ஏழைக் கிராமம். 1974 பஞ்சத்துக்குப் பிறகு, அங்கே பொருளியல் படிப்பித்த முஹம்மத் யூனுஸ் வகுப்பை விட்டு வெளியே வந்து அந்தக் கிராமத்துக்குள் நடந்தார். மூங்கில் முக்காலி செய்யும் பெண், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன்பட்டு, செய்த முக்காலியை அவனுக்கே அவன் சொன்ன விலைக்கு விற்பதைக் கண்டார். 42 பேருக்கு மொத்தமாகத் தேவைப்பட்டது 27 டொலர். கிராமீன் வங்கியின் தொடக்கம் அதுதான். அதன் வட்டியில் நமக்கு உடன்பாடு இல்லை. இங்கே நாம் எடுத்துக்கொள்வது, ஒரு விரிவுரையாளர் வீதியைக் கடந்தார் என்பதை மட்டும்தான்.

"புதிய கட்டடம் ஒன்று தாருங்கள், பிறகு பாருங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒலுவில் துறைமுகத்தைக் காட்டுகிறோம். டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். வாயில் மண் மூடியது. கரையைக் கடல் தின்றது, தென்னந்தோப்புகள் போயின. ஊர் மீனவரின் அறிவைக் கேட்காமல் கொங்கிரீட் கொட்டினால் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

"அரசு வேலை கொடுக்க முடியாமல் பிள்ளைகளைக் கடைபோடச் சொல்கிறது" என்று வேறு சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கு நியமனம் என்றார்கள். 2022இல் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. அரசின் பொறுப்பை நாங்கள் மன்னிக்கவில்லை. ஆனால் கோபத்தோடு வாசலில் காத்திருக்கும் வருடங்களை அந்தப் பிள்ளைக்கு யார் திருப்பிக் கொடுப்பார்?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: இறுதி வருட மாணவர்களின் செயற்றிட்டத் தலைப்புகளில் ஒரு பகுதியாவது ஊரிலிருந்து வரட்டும். ஈர நெல், கருவாட்டின் தரம், மருதமுனைக் கைத்தறியின் சந்தை, குப்பை. அஷ்ரஃப் நகர் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. கம்பஸுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பிரச்சினையைவிட நல்ல ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்?

இரண்டு: பரிசு, யோசனைக்கு வேண்டாம், முதல் விற்பனைக்குக் கொடுங்கள். அழகான சிலைட் காட்டியவர் வெல்லக் கூடாது. பத்து விவசாயியிடம் போய் நான்கு பேரிடம் காசு வாங்கி வந்தவர் வெல்ல வேண்டும்.

மூன்று: முதல். தனவந்தர்களே, இது உங்களுக்கு. முழாரபா நம் மார்க்கம் அனுமதித்த முறை. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். இலாபம் பேசிய விகிதத்தில். உழைத்தவர் மோசடியோ அலட்சியமோ செய்யாதவரை, நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். கதீஜா நாயகியின் முதலில் நபி (ஸல்) அவர்கள் வியாபாரம் செய்த வரலாற்றை மத்ரஸாவில் படித்த நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸகாத்தைத் தொடச் சொல்லவில்லை. அதற்கு உரியவர்கள் வேறு. காணி வாங்கிப் போடும் பணத்தில் ஒரு சிறு துண்டைக் கேட்கிறோம். தோற்ற பிள்ளையைக் கடன்காரனாக்காத முதல் கிடைத்தால்தான் பிள்ளை துணிவான்.

நான்கு: பாடசாலை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அந்த மாணவரும் கம்பஸ் மாணவரும் ஒரே பட்டறையில் சேர்ந்து கைவைக்கட்டும். முக்கியமாக நம் தங்கச்சிமார். வீட்டிலிருந்தே உணவும் உடையும் செய்து விற்கும் உம்மாமார் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களின் கணக்கை, பொதியிடலை, தரச் சான்றை ஒரு முகாமைத்துவ மாணவி ஆறு மாதம் கூடவிருந்து சீராக்கினால், இருவருக்கும் படிப்பு, இருவருக்கும் வருமானம்.

பேசிவிட்டுப் போக மாட்டோம். ஆலை வைத்திருப்பவர், தோணி வைத்திருப்பவர், தையல் இயந்திரம் வைத்திருப்பவர், உங்கள் தொழிலில் தினமும் காசு ஒழுகும் ஒரு ஓட்டையைக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். தொகுத்து, பீடங்களுக்கு எழுத்தில் கொடுக்கும் வேலையை நாங்கள் பொறுப்பேற்கிறோம். பீடத்தில் இருக்கும் சகோதரர்கள் இதை வாசித்தால், வாங்கிக்கொள்ள ஒருவரைக் காட்டுங்கள். அது போதும்.

கம்பஸைக் கேட்டுப் பெற்ற தலைமுறை தன் வேலையை முடித்துவிட்டது. அதை ஊருக்குள் அழைத்து வருவது நம் வேலை.

பாலமுனை ஆசிரியர்கள் சிலர் சார்பாக