ரீஸ்டார்ட் ஆனால் ஃபார்மட்டா?

சென்ற ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், காலை ஆறரை மணிக்கு அக்காவிடம் இருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர் மறுபடியும் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுடா. நேத்துதான் கடையில இருந்து வந்துச்சு."

அக்கா வீடு முத்தையாபுரத்தில். தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது. மாடியில் நின்றால் உப்பளங்கள் தெரியும். அத்தான் உப்பு வியாபாரம் பார்த்தவர். அவர் வாங்கிய டெஸ்க்டாப்தான் அது. அவர் காலமான பிறகு அக்கா அதில் வீட்டுக் கணக்கு எழுதுவார், பேரனுடன் வீடியோவில் பேசுவார்.

போனில் "மறுபடியும்" என்று சொன்னதைக் கவனித்தீர்களா? விசாரித்தபோதுதான் முழுக் கதையும் வந்தது. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பக்கத்துக் கடையில் மூன்று முறை கொடுத்திருக்கிறார். முதல் முறை "வைரஸ்" என்றார்கள். ஃபார்மட் செய்து 500 ரூபாய். பத்து நாள் கழித்து "விண்டோஸ் கரப்ட்". மறுபடி ஃபார்மட், மறுபடி 500 ரூபாய். மூன்றாவது முறை, "அக்கா, இந்தத் தடவை முழுசா கிளீன் பண்ணிட்டேன்" என்று டி டிரைவையும் சேர்த்துத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த டி டிரைவில்தான் அத்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய குடும்பப் போட்டோக்கள் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. மிச்சம் இருந்தது மாடியில் இருந்த கம்ப்யூட்டரில் உள்ள ஸ்கேன் பைல்கள் மட்டும். அதையும் துடைத்தாயிற்று.

இந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் அல்ல. துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் பில் போடுகிறவன். தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் ஸ்குரூ டிரைவருடன் போய் உட்காரும் பழக்கம் பதினைந்து வருடமாக உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரைக் காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்வது, காய்ச்சல் என்று வந்தவருக்கு மொட்டை அடித்து அனுப்புவது போன்றது. அதுவும் நம் கடற்கரை ஊர்களில், ஹார்ட்வேரைப் பார்க்காமல் விண்டோஸ் மேல் கை வைக்கவே கூடாது.

அன்று மதியம் நான் போனபோது கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. "உன்னைக் கண்டா பயம் போல" என்று அக்கா சிரித்தார். எப்போதெல்லாம் இப்படி ஆகிறது என்று கேட்டேன். "காலையிலதான். அரை மணி நேரம் பாடாய்ப் படுத்திட்டு அப்புறம் ஓடும். வெயில் அடிச்சா தொந்தரவே இல்ல" என்றார். காபி போடப் போனவர், உப்பு ஜாடியை எடுத்துத் துடைத்து வைத்தார். மழை நாளில் ஜாடி உப்பு நீர் கோத்து நிற்கும் அல்லவா? எனக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், சுமார் 33 சதவிகிதத்திலேயே ஈரம் இழுக்கும். நம் ஊர் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதும், கேட் தாழ்ப்பாள் இறுகிப் போவதும் இதனால்தான். இதே உப்புத்தூள் கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறது. எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் சொல்லும் பவர் சப்ளை பெட்டியில் பேன் இருக்கிறது. அது வருடக்கணக்காகக் கடல் காற்றை உறிஞ்சித் தன் சர்க்யூட் போர்டு மேல் விட்டுக்கொண்டே இருக்கும். தூசியும் உப்பும் சேர்ந்து படியும். காய்ந்திருக்கும்வரை வம்பில்லை. ஈரமானால் அந்தப் படிவம் மின்சாரத்தைக் கடத்தும். கசியக் கூடாத இடத்தில் மின்சாரம் கசியும். பெட்டி சூடேறி ஈரம் உலர்ந்தபின் ஒழுங்காக ஓடும். (முத்து நகர் என்று பெயர்தான். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. கடல் இப்போது நம் வீட்டுக்குள் தாராளமாகத் தருவது உப்பைத்தான்.)

சரி, கசிந்தால் ஏன் ரீஸ்டார்ட் ஆக வேண்டும்? எஸ்.எம்.பி.எஸ்.சில் இருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர்க் கொத்தில் சாம்பல் நிற வயர் ஒன்று உண்டு. அதன் வேலை, "எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறது" என்று மதர்போர்டுக்குத் தொடர்ந்து சொல்வது. பவர் குட் சிக்னல் என்பார்கள். இந்த சிக்னல் கண நேரம் விழுந்தாலும் மதர்போர்டு பிராசசரை ரீசெட் செய்துவிடும். சிக்னல் திரும்பியதும் முதலில் இருந்து பூட் ஆகும். நமக்குத் தெரிவது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் திரை இருண்டு மறுபடி லோகோ வருவது மட்டுமே. விண்டோஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அதனால்தான் ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கும். அதைக் காட்டி "பவர் சப்ளை போச்சு" என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். "முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி தொடங்கினேன்" என்பது மட்டுமே அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அக்கா வீட்டில் ஆஜர். கம்ப்யூட்டரை ஆன் செய்து டெலீட் கீயை அழுத்தி பயாஸ் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிட்டேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். டப். ரீஸ்டார்ட்.

பயாஸ் திரையில் விண்டோஸ் கிடையாது. வைரஸ் கிடையாது. டிரைவர் கிடையாது. விண்டோஸே இல்லாத இடத்தில் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் மேல் பழி போட முடியுமா? இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. மூன்று ஃபார்மட்டுக்கு முன்னால் ஒருவராவது இதைச் செய்து பார்த்திருந்தால் 1500 ரூபாயும் போட்டோக்களும் தப்பியிருக்கும்.

பயாஸில் ஒழுங்காக நின்று, விண்டோஸில் மட்டும் ரீஸ்டார்ட் ஆனாலும் உடனே சாப்ட்வேர் என்று முடிவு கட்டக் கூடாது. விண்டோஸ் தேடல் கட்டத்தில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என டைப் செய்து, வரும் விண்டோவில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பிரிவில் செட்டிங்ஸ் கிளிக் செய்திடுங்கள். அங்கே ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். எக்ஸ்பி காலத்தில் இருந்து இன்றுவரை இந்த டிக் தானாகவே போடப்பட்டு வருகிறது. எடுத்துவிட்டால், விண்டோஸ் தடுக்கி விழும்போது நீலத் திரை நின்று காட்டும். அதில் வரும் பிழை எண்ணை எழுதிக்கொள்ளலாம். நீலத் திரையும் வராமல் நேரே இருண்டால், சந்தேகம் மின்சாரப் பக்கம் திரும்ப வேண்டும். ராம் மேல் சந்தேகம் என்றால் மெம்டெஸ்ட் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு இரவு ஓட விடுங்கள்.

அக்கா வீட்டில் நான் முதலில் செய்தது, முன்பக்க ரீசெட் பட்டனின் சின்ன கனெக்டரை மதர்போர்டில் இருந்து உருவியது. சிரிக்காதீர்கள். அந்தப் பட்டனுக்குள் உப்பு பிடித்துத் தானாக ஷார்ட் ஆகி, பேய் அழுத்துவது போல ரீஸ்டார்ட் ஆன இரண்டு கம்ப்யூட்டர்களைத் திரேஸ்புரத்தில் பார்த்திருக்கிறேன். இங்கே அது இல்லை. அடுத்து என் வீட்டு எஸ்.எம்.பி.எஸ்.சைக் கழற்றி வந்து மாட்டினேன். மூன்று காலை பார்த்தோம். ஒரு முறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை.

மாற்றிப் போட வேறு எஸ்.எம்.பி.எஸ். கிடைக்காதவர்கள் மல்டிமீட்டரால் பார்க்கலாம். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். ஆனால் கண நேர வீழ்ச்சியைச் சாதாரண மீட்டர் காட்டாது. அளவு சரியாக இருக்கிறது என்பதாலேயே எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று சான்றிதழ் தர முடியாது. ஒரு எச்சரிக்கை. எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

மதர்போர்டில் உள்ள சின்னக் கெபாசிட்டர்களைக் கண்ணால் பார்த்தாலே போதும். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாக ஒழுகியோ இருந்தால் குற்றவாளி அகப்பட்டது. இது பெரிய கம்பெனிகளையே ஆட்டிய நோய். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் விற்றவற்றில் 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இப்படிப்பட்ட மோசமான கெபாசிட்டர்களால் பழுதாகும் ஆபத்தில் இருந்தன என்பது பின்னாளில் வழக்கு ஆவணங்களில் வெளிவந்தது. 2005-ல் இதற்காக அந்நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்கியது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் படுத்தபோது, கடினமான கணக்குகளைப் போட வைத்து நீங்கள்தான் அவற்றைக் களைப்பாக்கிவிட்டீர்கள் என்று பதில் வந்ததாக 2010-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கணிதத் துறைக்கே அந்தப் பதில் என்றால், முத்தையாபுரத்து அக்காவுக்கு "கண்ட கண்ட சைட்டுக்குப் போயிருப்பீங்க" என்ற பதில் வந்ததில் என்ன ஆச்சரியம்?

இங்கே கடைக்காரத் தம்பிகளுக்காகவும் பேச வேண்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடையில் அந்தக் கம்ப்யூட்டர் நாள் முழுக்க நன்றாகத்தான் ஓடியது. அங்கே ஏ.சி. இருக்கிறது, காற்று உலர்ந்திருக்கிறது. பிளக் வேறு, எர்த் வேறு. ஃபார்மட் செய்தார்கள், ஓடியது, ஃபார்மட்டால் ஓடியது என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த நோய் கடைக்குக் கூட வராது, வீட்டிலேயே இருந்துவிடும். எனவே வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு காலைப் பொழுது வேண்டும். அந்தப் பொழுதுக்கு நாம் பணம் கொடுக்கிறோமா? "எதை மாத்தினே, எதுக்கு 500 ரூபாய்?" என்று கேட்பவர்கள் நாம். ஃபார்மட் என்றால் கண்ணுக்குத் தெரியும் வேலை. கண்டுபிடித்ததற்குக் கூலி கொடுக்க மனம் வராதவரை அவர்களும் ஃபார்மட் செய்துகொண்டேதான் இருப்பார்கள்.

இன்னொரு கடையில் "விண்டோஸ் 10-க்கே சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்களாம். 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மை. அது வேறு பிரச்சினை. புதுக் கம்ப்யூட்டரையும் அதே ஜன்னல் ஓரத்தில், அதே பிளக்கில்தானே மாட்டப் போகிறோம்?

பிளக் என்றதும் எர்த் நினைவுக்கு வருகிறது. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்.சின் பில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. எர்த் குழியில் உப்பும் கரியும் போடுவது நம் வழக்கம். நம் மண்ணிலேயே உப்பு இருப்பதால் எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதே உப்பு குழாயையும் கம்பியையும் சில வருடங்களில் அரித்துவிடும். அக்கா வீட்டில் எலக்ட்ரீஷியன் தோண்டிப் பார்த்தபோது கம்பி தனியாகக் கையோடு வந்துவிட்டது.

வெள்ளத்தில் நனைந்த கம்ப்யூட்டரை வெயிலில் காயவைத்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர்தான் போயிருக்கும், உப்பும் சேறும் போர்டிலேயே இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரிலும் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலிலும் போர்டைக் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

போட்டோக்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அனேகமாகக் கதை முடிந்திருக்கும். ஃபார்மட் ஆனதும் அழிந்த இடத்தைத் துப்புரவு செய்துவிடும் டிரிம் வசதி அதில் உண்டு. டிஸ்க்கை உடனே கழற்றி, என் கம்ப்யூட்டரில் இணைத்து, ஒரு எழுத்துகூட அதில் எழுதாமல், போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை ஓட விட்டேன். மீட்டதை எல்லாம் வேறு டிஸ்க்கில் சேமித்தேன். ஒன்பது மணி நேரம் ஓடியது. பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. அத்தான் போல்டர் போல்டராக வருடம் எழுதி வைத்திருந்த பெயர்கள் வரவில்லை. எல்லாமே நீள நீளமான எண்கள். ஸ்கேன் செய்தவை என்பதால் எடுத்த தேதியும் உள்ளே இல்லை.

கம்ப்யூட்டர் இப்போது கிழக்கு ஜன்னலில் இருந்து உள் அறைக்கு மாறிவிட்டது. புது எஸ்.எம்.பி.எஸ்., புது எர்த். போட்டோக்கள் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் என் வீட்டிலும் இருக்கின்றன. அக்கா தினமும் காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறார். "தம்பி, இதுல நம்ம பழைய ஓட்டு வீடு தெரியுது, மூத்தவன் இல்ல. அப்போ அவன் பொறக்குறதுக்கு முந்தி" என்று நேற்று போன் செய்தார். அந்தப் படத்துக்கு என்ன வருடம் போடுவது என்று இருவரும் கால் மணி நேரம் பேசினோம்.