வாய்விட்டு ஓர் ஒத்திகை

வகுப்பில் வாய்மொழிப் படைப்பு என்றதும் பெரும்பாலான மாணவர்களின் உழைப்பு கணினித் திரையோடு முடிந்துவிடுகிறது. தகவல் திரட்டுகிறார்கள், படவில்லைகளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள், எழுதி வைத்ததை முதல்நாள் இரவு கண்ணால் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். மறுநாள் வகுப்பின் முன்னால் நிற்கும்போதுதான் அந்தச் சொற்கள் முதன்முறையாக அவர்கள் வாயில் வருகின்றன. மாணவர் தடுமாறினால் அதற்குக் கூச்சத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அவையஞ்சாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். கூச்சம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால், பல நேரங்களில் உண்மையான காரணம், சொல்லிப் பார்க்காததே.

கண்ணுக்கு எளிதாகத் தெரிவதெல்லாம் நாவுக்கு எளிதாக இருப்பதில்லை. தாளில் 1965 என்பது நான்கே இலக்கங்கள். வாயால் சொல்லும்போது அது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து'. பழகாதவர் அந்த இடத்தில் திணறி, ஆண்டை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். 'விழா' என்று சரியாக எழுதியவர் 'விலா' என்று உச்சரித்தால், கொண்டாட்டம் எலும்பாகிவிடும்!

தமிழில் படைப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் கூடுதல் இடம் கிடைத்தது. ஆயினும், மாணவர் தயாரிப்பது என்னவோ எழுத்துத்தமிழில்தான். லிட்டில் இந்தியாவைப் பற்றிப் பேசப்போகும் மாணவி ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "இவ்வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வாணிபம் நடைபெற்றமையால் தொழிலாளர்கள் பலர் இங்குக் குடியேறினர்." எழுத்தில் இதில் பிழையில்லை. ஒருமுறை உரக்கச் சொன்னால் 'நடைபெற்றமையால்' தொண்டையில் சிக்கும். இரண்டாம் முறை அவரே மாற்றுவார்: "அந்தக் காலத்துல இங்க மாட்டு வியாபாரம் நடந்துச்சு. அந்த வேலைக்காக நிறையப் பேரு வந்து தங்கினாங்க. பஃபலோ ரோடுங்கிற பேரு இன்னைக்கும் அதைச் சொல்லுது." தகவல் மாறவில்லை, கேட்பவருக்குப் புரியும் பேச்சாகிவிட்டது. இந்தத் திருத்தத்தை அமைதியாக வாசித்துச் செய்வது கடினம்.

நினைவுக்கும் இது உதவுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் கோலின் மெக்லவுடும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மனத்துக்குள் படித்த சொற்களைவிட வாய்விட்டுப் படித்த சொற்கள் நன்றாக நினைவில் நின்றது தெரியவந்தது.

"அதிகம் ஒத்திகை பார்த்தால் மனப்பாடம் செய்ததுபோல் இருக்கும்" என்று சில மாணவர்கள் மறுப்பதுண்டு. எழுதியதை ஓர் எழுத்தும் மாறாமல் ஒப்பித்தால் அப்படித்தான் இருக்கும். ஒத்திகை என்பது அதுவன்று. 28.8.1963 அன்று வாஷிங்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், உரையின் பிற்பகுதியில் எழுதிவந்த தாளை விட்டுவிட்டுத் தம் கனவைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களுக்கு அது அந்தக் கணத்தில் பிறந்ததாகவே பட்டிருக்கும். ஆனால், அந்தக் கனவைப் பற்றி அவர் அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட்டிலும் பேசியிருந்தார். பலமுறை வாயில் பழகியிருந்ததால்தான் தாளில்லாமலும் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

ஒத்திகைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நின்றுகொண்டு, வகுப்பில் பேசும் அதே குரலில் சொல்ல வேண்டும். முணுமுணுப்பது கணக்கில் வராது. கைத்தொலைபேசியில் பதிவு செய்தால், ஐந்து நிமிடப் படைப்பு பதற்றத்தில் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடுவது தெரியும். (தம் குரலைத் தாமே கேட்பது முதலில் யாருக்கும் பிடிக்காது, அது போகப்போகப் பழகிவிடும்.) அதைவிட நல்லது, வீட்டில் ஒருவரை உட்கார வைத்துச் சொல்வது. படவில்லைகளைப் பார்க்காத பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. "மாட்டு வேலைக்கு வந்தவங்க எந்த ஊருலேருந்து வந்தாங்க?" என்று அவர் கேட்கலாம். அதற்கு விடை எந்த வில்லையிலும் இல்லை என்பது அந்த மாணவிக்கு அப்போதுதான் தெரியவரும். தேடிப் பார்க்க ஓர் இரவு இன்னும் மீதமிருக்கும்.