அரண்மனையில் பார்க்க வேண்டியது எது?

கொரியாவின் தலைநகரமாகிய சியோலுக்குப் போகிறவர்கள் கியோங்போக்குங் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சோசன் வம்சத்தின் முதல் ராஜா 1395-இல் கட்டியது. அத்தேசத்துப் பழைய உடுப்போடு வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆதலால் வாடகைக்கு ராஜ உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, சிம்மாசன மண்டபத்தின் முன் கூட்டங்கூட்டமாய் நின்று படம் பிடித்துக்கொள்ளுகிறார்கள். இதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ராஜ உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும் காலம் வந்தது நல்லதேயாகும். ஆனால் காலடியிலுள்ள கற்களையும் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

அம்முற்றத்தில் பாதைக்கு இருபுறமும் கற்கள் நட்டிருக்கின்றன. எந்த உத்தியோகஸ்தன் ராஜாவுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளம். முதல் தரம் தொட்டு ஒன்பதாந்தரம் வரை. கிழக்கே நிர்வாகத்தார், மேற்கே படையினர். உழுகிறவனுக்கும் அடிமைக்கும் அங்கே கல் இல்லை.

அந்த அடிமைகள் சும்மா இருந்துவிடவில்லை. 1592-இல் ஜப்பானியர் படையெடுத்து வர, ராஜா ஊரைவிட்டு ஓடினார். உடனே நகரத்து ஜனங்கள் அடிமைத் தஸ்தாவேஜுகள் இருந்த கச்சேரியைக் கொளுத்தினார்கள் என்று அவ்வரசாங்கத்தின் சரித்திரப் பதிவே சொல்லுகிறது. அரண்மனையும் அவ்வருஷமே சாம்பலாயிற்று. அதைக் கொளுத்தியது யார் என்பதில் இன்னும் தர்க்கம் உண்டு.

பிறகு 270 வருஷத்துக்கு மேல் பாழாய்க் கிடந்ததை, 1865-இல் ராஜாவின் தகப்பனார் தேவோன்குன் திரும்பக் கட்டத் தொடங்கினார். பணம்? “மனமுவந்து கொடுக்கும் காணிக்கை” என்று பேரிட்டு வசூலித்தார்கள். அச்சொல்லையே ஓசை மாறாமல் “வயிறெரிந்து கொடுக்கும் காணிக்கை” என்றும் எழுதலாமாம். ஜனங்கள் அப்படியே சொல்லிச் சிரித்தார்கள். அதுவும் போதாமல், பழைய காசு நூற்றுக்குச் சமம் என்று ஒரு புதுக் காசு அடித்தார்கள். அதிலிருந்த உலோகமோ ஐந்தாறு காசு பெறும். விலைவாசி ஏறியது, ஏழை வயிறு காய்ந்தது. தீப்பிடிக்காமலிருக்க, “டிராகன்” என்னும் எழுத்தை ஆயிரம் தரம் எழுதி “தண்ணீர்” என்னும் எழுத்தாக அமைத்த தாயத்துக் காகிதத்தைச் சிம்மாசன மண்டபத்து உத்திரத்தில் வைத்தார்கள். 2001-இல் மராமத்தின்போது அது அகப்பட்டது. 1876-இல் அந்தப்புரத்துக் கட்டடங்களில் பெரும்பகுதி எரிந்து போயிற்று. மண்டபம் தப்பியதே தாயத்தின் மகிமை என்று சொல்லவும் ஆள் இருப்பார்கள்.

நிற்க. மேற்கே சுஜோங்ஜோன் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. பழைய பண்டித சபை இருந்த இடம் அது. செஜோங் என்ற ராஜா 1443-இல், சீன எழுத்துப் படிக்க வகையற்ற ஜனங்களுக்காக 28 எழுத்துக்களை உண்டாக்கினார். அதை விளக்கி எழுதியவர்கள் இச்சபைப் பண்டிதர்கள். எதிர்த்து 1444-இல் மனுக் கொடுத்த சோய் மல்லியும் இச்சபையின் பெரிய உத்தியோகஸ்தரே! சொந்த எழுத்து வைத்திருப்பவர் மங்கோலியர், ஜப்பானியர் போன்ற காட்டுமிராண்டிகள்தான் என்பது அவர் வாதம். எல்லாரும் படித்துவிட்டால் படித்தவனுக்கு என்ன மரியாதை என்பதைத் தவிர இதில் வேறு அர்த்தம் நமக்குப் புலப்படவில்லை. ஆகவேதான் அவ்வெழுத்து அரசாங்கக் கட்டளைகளுக்கு அடிப்படையாக 1894 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதே 1894-இல் இதே மண்டபத்தில்தான் சீர்திருத்த சபை கூடிற்று. அடிமை முறை ஒழிந்தது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. 20 வயதுக்கு முன் ஆணுக்கும் 16-க்கு முன் பெண்ணுக்கும் விவாகம் கூடாது. விதவை இஷ்டப்பட்டால் மறுமணம் செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். ஜப்பானியத் துப்பாக்கியின் நிழலில் கூடிய சபையல்லவா என்பார்கள். மெய்தான். ஆனால் அவ்வருஷமே தெற்கே குடியானவர்கள் ஆயுதமெடுத்து எழும்பியிராவிட்டால், அந்தக் கனவான்களுக்கு இவ்வளவு புத்தி வந்திருக்குமா?

இந்த மண்டபத்தில் சிம்மாசனம் இல்லை. வருகிறவர்கள் இதைத் தாண்டி, பின்னாலுள்ள குளத்து மண்டபத்தைப் படம் பிடிக்கப் போய்விடுகிறார்கள்.