சாமுவின் புகார்

தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒரு மாத இதழில் சென்ற மாதம் ஒரு கட்டுரை. எழுதியவர் நிறையப் படித்தவர். அண்மையில் விருதும் பெற்றவர். அவர் வாதம் இது: தேர்தல் நேரத்தில் எதிராளியை இனவெறியன் என்பது ஓட்டு வாங்கும் உத்தி. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி செய்வதும் அதுதான், வங்காளத்தில் திரிணமூல் காங்கிரஸ் செய்வதும் அதுதான். ஆகவே அந்தக் குற்றச்சாட்டை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்த ‘ஆகவே’தான் எங்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

உத்தி என்பதில் சந்தேகமே இல்லை. கொல்கத்தாவில் குடியிருந்துகொண்டு அதைச் சந்தேகிக்க முடியுமா? 2019 மே 14 மாலை அன்றைய பாஜக தலைவர் அமித் ஷாவின் ஊர்வலம் வித்யாசாகர் கல்லூரிப் பக்கம் வந்தபோது மூண்ட அடிதடியில் வங்காளச் சீர்திருத்தவாதி வித்யாசாகரின் மார்பளவுச் சிலை உடைந்தது. உடைத்தது நீதான் என்று இரு கட்சிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. விடிவதற்குள் திரிணமூல் தலைவர்களின் முகப்புப் படங்களில் எல்லாம் வித்யாசாகர் ஏறிவிட்டார். வங்காளப் பண்பாட்டை வெறுப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்பதுதான் கடைசி வாரத்துப் பிரச்சாரம். மக்களவைத் தேர்தலில் மே 19 அன்று வாக்குப்பதிவு நடந்த ஒன்பது தொகுதிகளும் திரிணமூலுக்கே போயின. மாநிலத்தில் 18 இடங்களைப் பிடித்த பாஜகவுக்கு அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. சிலைதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை, அந்தப் பக்கமெல்லாம் முன்பே திரிணமூல் கோட்டை. ஆனால் கட்சி பாடம் படித்துக்கொண்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில், வங்காளத்துக்குத் தன் மகளே (கட்சித் தலைவர் மம்தா பானர்ஜியே) வேண்டும் என்ற சுவரொட்டி ஒட்டாத சுவர் இல்லை. எதிரே நின்றவர்கள் எல்லோரும் வெளியாட்கள். இருநூறுக்கு மேல் என்று முழங்கிய பாஜக 77இல் நின்றது, திரிணமூலுக்கு 213.

இதுவரை கட்டுரையாளரும் நாங்களும் ஒரே வண்டியில்தான் வருகிறோம். ஆனால் உத்தியாகப் பயன்பட்டதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடுமா? 2025இல் டெல்லியிலும் குருகிராமிலும் ஒடிசாவிலும் வங்காளம் பேசிய கூலித் தொழிலாளிகளைப் பங்களாதேசிகள் என்று பிடித்து அடைத்தார்கள். எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்ட சிலரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. டெல்லிக் காவல்துறையின் கடிதம் ஒன்று, தாகூர் எழுதிய மொழியைப் பங்களாதேச மொழி என்றது. ஜூலை 16 அன்று கொட்டும் மழையில் மம்தா பானர்ஜி காலேஜ் ஸ்கொயரிலிருந்து ஊர்வலம் போனார். புத்தகக் கடைக்காரர்கள் பாலிதீன் விரிப்பை இழுத்துப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த தேர்தலுக்கு அப்போது ஒரு வருடம்கூட இல்லை என்பதை அங்கே நின்ற எல்லோரும் அறிவார்கள். தொழிலாளிகளைப் பிடித்துப் போனது நடந்த விஷயம் என்பதையும் அறிவார்கள். இரண்டையும் சேர்த்து அறிந்துகொள்ள அந்தப் புத்தகக் கடைக்காரர்களால் முடிகிறது, நம் கட்டுரையாளரால் முடியவில்லை.

அமெரிக்கக் கதையையும் அவர் பாதியில் நிறுத்திவிடுகிறார். 2016 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேர் இனவெறியும் பெண்வெறுப்பும் கொண்ட இழிந்த கூட்டம் என்று சொல்லப்போய் அது அவரையே சுட்டது. திட்டப்பட்டவர்கள் அந்த வசவைப் பனியனில் அச்சடித்து மாட்டிக்கொண்டார்கள். சரி. மறுபாதி? ரீகன் முகாமின் லீ அட்வாட்டர் 1981இல் ஒரு பேட்டியில் கூச்சமில்லாமல் விளக்கியது: முன்பெல்லாம் கறுப்பர்களை வசைச்சொல்லாலேயே திட்டி ஓட்டுக் கேட்கலாம், 1968 வாக்கில் அது நமக்கே பாதகம், அதனால் மாநில உரிமை, வரிக்குறைப்பு என்று பேச வேண்டும், அடிபடுவது என்னவோ கறுப்பர்கள்தான். வெறுப்பை மறைத்துப் பேசுவதும் உத்திதானே ஐயா? இங்கே ஊடுருவல்காரர் என்று பாஜக மேடையில் சொன்னால் யாரைச் சொல்கிறார்கள் என்று முர்ஷிதாபாத் முஸ்லிம் கொத்தனாருக்குத் தெரியும். ஒரு பக்கத்து உத்தியைத் தோலுரித்துவிட்டு மறுபக்கத்து உத்தியைக் கருத்து என்று மதித்து வாதம் செய்வது என்ன நடுநிலை?

இந்த இடத்தில் வங்காள நாவலாசிரியர் அதீன் பந்த்யோபாத்யாயைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அவருடைய ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யை, இதே நகரத்தில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழில் படித்த தலைமுறை எங்களுடையது. அந்தக் கிழக்கு வங்கத்து நீரையும் தர்மூஜ் (தர்பூசணி) வயல்களையும் பைத்தியக்காரப் பெரிய பாபுவையும் கிருஷ்ணமூர்த்தி கொடுத்திராவிட்டால் எங்களில் சிலர் வங்காளமே கற்றிருக்க மாட்டோம். அந்நாவலில் சாமு என்ற சம்சுத்தீன் முஸ்லிம் லீகுக்கு வேலை செய்கிறான். அவனோடு ஓடியாடி வளர்ந்த மாலதி, டாக்கா கலவரத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். லீகின் பிரச்சாரம் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுகிறது. நிலமும் வக்கீல் தொழிலும் உத்தியோகமும் அன்றைய கிழக்கு வங்கத்தில் பெரும்பாலும் இந்துக்கள் கையில் இருந்தன என்பது வரலாறு. அதைச் சொல்லும் சாமுவின் புகாரில் பொய் இல்லை. அதே புகார்தான் ஓட்டாகவும் ஆகிறது, கடைசியில் ஊரையும் பிளக்கிறது. சாமுவைப் பொய்யன் என்று தள்ளிவிட நாவலாசிரியர் நமக்கு இடம் தருவதில்லை. இத்தனைக்கும் அவர் அகதியாக வந்த இந்துக் குடும்பத்துப் பிள்ளை. நம் கட்டுரையாளரின் கையில் சாமு சிக்கியிருந்தால் ஒரே பத்தியில் முடித்திருப்பார்: லீகின் உத்தி.

கிராம்சியிலிருந்து விளிம்புநிலை ஆய்வுகள்வரை கரைத்துக் குடித்த பிறகும் நம் விமர்சனம் அம்பலப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. எதன் பின்னாலும் ஒரு நோக்கம் இருப்பதைக் கண்டுபிடித்ததும் பேனாவை மூடிவிடுகிறோம். நோக்கம் இல்லாத அரசியல் எங்கே இருக்கிறது? கேட்க வேண்டியது வேறு. அந்தப் புகார் ஓட்டு எண்ணி முடிந்தபின் யார் தலையில் விடிகிறது?

2021இல் வெளியாள் என்ற கூச்சல் டெல்லித் தலைவர்களைக் குறிவைத்ததாகத்தான் சொன்னார்கள். லேக் மார்க்கெட்டில் எங்களுக்குத் தேநீர் தரும் தர்பங்காக்காரர், எங்களைவிட நல்ல வங்காளம் பேசுகிறவர், அந்த இரண்டு மாதமும் அரசியல் பேச்சு வந்தாலே பாத்திரம் கழுவப் போய்விடுவார். எங்களை மட்டும் வாடிக்கையாளர் ஒருவர் தேற்றினார்: “நீங்க மதராஸிங்க, நம்ம ஆளுங்க.” எதை வைத்து என்று நாங்கள் கேட்கவில்லை. மறுவருடமே அதே கட்சி பாட்னாவின் சத்ருகன் சின்ஹாவை ஆசன்சோலில் நிறுத்தி ஜெயித்தது. 2024இல் பீகாரின் கீர்த்தி ஆசாதும் பரோடாவின் யூசுப் பதானும் வந்தார்கள். வெளியாட்கள் என்ற சொல் அவர்களுக்கும் பொருந்தும் என்று கட்சிக்குத் தோன்றவில்லை. தர்பங்காக்காரரிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவுமில்லை. வெளிமாநிலத்திலிருந்து அடிபட்டுத் திரும்பும் தொழிலாளிக்கு மாதம் 5,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் திட்டம் வந்தது. அவன் ஏன் குருகிராமுக்குக் குப்பை பொறுக்கப் போனான் என்ற கேள்வி எந்த ஊர்வலத்திலும் வரவில்லை. பத்ரலோகமும் (படித்த வங்காள மேல்தட்டும்) கேட்கவில்லை. அதற்கு மொழி அவமானம்தான் வலிக்கிறது. அடிபட்டவர்களில் பலர் முஸ்லிம் கூலிகள் என்பது அதற்குச் சற்றுச் சங்கடமான விவரம்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். டெல்லியின் ஆதிக்கத்தைப் பற்றி நாம் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். அதை வைத்து ஆட்சியும் பிடித்தோம். கூடவே ‘வடக்கன்’ என்ற வார்த்தையும் வளர்ந்தது. இந்தி படித்தவர்கள் கோயம்புத்தூரில் பானிபூரி விற்கிறார்கள் என்று 2022இல் ஓர் அமைச்சரே பட்டமளிப்பு விழா மேடையில் பேசினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. எல்லாம் போலி, தமிழகக் காவல்துறை ஆதாரத்தோடு மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து பார்த்துப் போனது. ஆனால் அந்தப் போலியைப் பார்த்ததும் திருப்பூர்த் தொழிலாளிகளில் பலர் ரயில் ஏறினார்களே, அது ஏன்? பரப்பியவனின் உத்தி என்று ஒரு வரியில் முடிக்காமல் இதைப் பற்றி எழுதுவதானால், அந்தக் கட்டுரையாளருக்கு எங்கள் அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கத் தயார். சன்மானம் வழக்கம்போல் கிடையாது.